வடிகட்டி மணலில் ஒட்டிய அழுக்கு: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது

குடிநீர் நிலையத்தில் பேக்வாஷ் (கீழிருந்து காற்றும் நீரும் செலுத்திக் கழுவுவது) முடிந்த கையோடு மணல் வடிகட்டிப் படுகையிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளுங்கள். கண்ணாடி ஜாடியில் தெளிந்த நீருடன் போட்டு அரை நிமிடம் குலுக்குங்கள். நீர் லேசாகக் கலங்கினால் கவலையில்லை. சேற்றுநீராக மாறினால், கழுவிய பிறகும் மணல் அழுக்காகவே இருக்கிறது என்று பொருள். குலுக்கியும் நீர் தெளிவாக இருந்து, மணல் மட்டும் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ வெண்சுண்ணம் பூசியதுபோலவோ தெரிந்தால், அது வேறு வகைச் சிக்கல். முதலாவது சரியாகக் கழுவாததால் வந்தது. இரண்டாவது, கழுவினாலும் போகாத பூச்சு. வேதிச் சுத்திகரிப்பு என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முதல் வகைக்கும் மருந்தைக் கொட்டுவதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

குடிநீர் நிலையங்களில் இருக்கும் வேக மணல் வடிகட்டியில் சுமார் 0.45 முதல் 0.7 மி.மீ. பயனுறு அளவுள்ள (எடையில் பத்தில் ஒரு பங்கு மணிகள் இதைவிடச் சிறியவை) மணல் 60 முதல் 75 செ.மீ. உயரத்துக்குச் சரளைப் படுகையின் மேல் கிடக்கும். நீர் மேலிருந்து கீழே மணிக்கு 5 முதல் 7 மீட்டர் வேகத்தில் இறங்கும். படிகாரத்தால் திரண்ட துகள்கள் மணலின் இடுக்குகளில் சிக்கும். அழுத்த இழப்பு (மணலைக் கடக்கும்போது நீர் இழக்கும் அழுத்தம்) ஏறியதும் கீழிருந்து காற்றும் நீரும் செலுத்திக் கழுவுவார்கள். இங்கே சிக்கும் அழுக்கு மணல்மணிகளின் மேற்பரப்பிலும் ஒட்டுகிறது என்பதை மறக்கக் கூடாது. 0.6 மி.மீ. மணல் ஒரு கன மீட்டர் எடுத்தால், அதிலுள்ள மணிகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 5,800 சதுர மீட்டர். மிக மெல்லிய படலமும் இவ்வளவு பரப்பில் பரவும்போது கிலோக்கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒட்டுவது என்ன என்பது மூலநீரையும் முன் சுத்திகரிப்பையும் பொறுத்தது. சுண்ணாம்பு சேர்த்து மென்னீராக்கும் நிலையங்களில் கால்சியம் கார்பனேட் படியும். நிலத்தடி நீரானால் இரும்பும் மாங்கனீசும் ஆக்சைடாகப் படியும். படிகாரம் மிகுந்தாலோ, தெளிவுத்தொட்டி சரியாக வேலை செய்யாவிட்டாலோ, அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ் போல மணலைப் பற்றும். முன்குளோரின் (வடிகட்டுமுன் சேர்க்கும் குளோரின்) இல்லாத ஆற்றுநீர், ஏரிநீர் நிலையங்களில் பாக்டீரியாவும் பாசியும் சேர்ந்த வழவழப்பு வரும். பல இடங்களில் இவை ஒன்றின்மேல் ஒன்றாக, அடுக்கடுக்காக இருக்கும்.

பூச்சு ஏறினால் என்ன கெடுதி? 0.6 மி.மீ. மணியின் மேல் சுற்றிலும் 0.05 மி.மீ. சுண்ணாம்பு படிந்தால் அது 0.7 மி.மீ. மணியாகிவிடுகிறது. அதை மிதக்கவைக்க முன்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் கழுவுநீர் வேண்டும். பம்ப் அதே பம்ப்தான். எனவே படுகை முன்போல 20, 25 சதவீதம் விரியாது, சரியாகக் கழுவப்படாது, இன்னும் பூச்சு ஏறும். கூழ்ப்பூச்சில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மணி பருக்கும், ஆனால் ஒட்டியது எடை குறைந்தது. அதனால் கழுவும்போது மணல் வாய்க்காலில் வழிந்து வெளியேறும். பசைபோன்ற பூச்சுள்ள மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்று உருண்டைகளாகத் திரண்டு, கனத்துச் சரளை வரை இறங்கிவிடுவதும் உண்டு. அதன்பின் அந்த இடத்தில் நீர் ஏறாது. பக்கத்தில் பீறிட்டு ஏறும்.

முதலில் நோயறிதல்

படுகையைக் கழுவி, நீரை வடித்த பிறகு, நான்கைந்து இடங்களில் குழாயைச் செருகி மாதிரி எடுங்கள். மேல் 5 செ.மீ., 5 முதல் 15, 15 முதல் 30, அதற்குக் கீழ் என ஆழவாரியாகத் தனித்தனியே வையுங்கள். மேலே மட்டும் அழுக்கென்றால் ஒரு கதை. அடிவரை ஒரேமாதிரி என்றால் வேறு கதை. ஓரங்களிலும் மூலைகளிலும் எடுக்க மறக்காதீர்கள். சேற்று உருண்டைகள் அங்கேதான் பதுங்கும்.

தளர்ந்த அழுக்கை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. 50 கிராம் ஈர மணலைக் குடுவையில் போட்டு 100 மி.லி. நீர் ஊற்றி 30 விநாடி நன்றாகக் குலுக்கி, கலங்கல் நீரைப் பாத்திரத்தில் வடியுங்கள். இதையே ஐந்து முறை செய்து, சேர்ந்த 500 மி.லி. நீரின் கலங்கலை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 100 கிராம் மணலுக்கான எண் கிடைக்கும். கழுவிய படுகையில் இது 30 முதல் 60 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) வரை இருந்தால் மணல் சுத்தம். 120-ஐத் தாண்டினால் அழுக்கு. 300-க்கு மேல் போனால் சேற்று உருண்டைகளைத் தேட ஆரம்பிக்கலாம். 30-க்கும் கீழே வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அளவுக்கு மீறிக் கழுவிய மணல், வடிகட்டத் தொடங்கும்போது முதல் சில மணி நேரம் துகள்களை விட்டுவிடும்.

இப்படிக் குலுக்கி எடுத்த பிறகும் மணலில் இருப்பதுதான் உண்மையான பூச்சு. அதைப் பிரித்தறிய, மணலை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடைபோடுங்கள். 550 டிகிரியில் சுட்டால் குறையும் எடை பெரும்பாலும் கரிமப்பொருள். ஆனால் அலுமினிய, இரும்பு ஹைட்ராக்சைடுகளில் கட்டுண்ட நீரும் இந்த இழப்பில் சேரும் என்பதால் முழு எண்ணையும் பாசிக்கணக்கில் எழுதிவிடக் கூடாது. வேறொரு பங்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் குறையும் எடை, அமிலத்தில் கரையும் பங்கு. வடிகட்டிக்கு வாங்கும் புதுமணலில் இது 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பொது வரையறை. உங்கள் மணலின் முதல்நாள் எண் தெரிந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால், படுகையில் பயன்படாமல் மூட்டையில் மீந்து கிடக்கும் அதே மணலோடு ஒப்பிடுங்கள்.

ஆய்வகம் இல்லாத இடத்திலும் மூன்று சொட்டுச் சோதனைகள் நிறையச் சொல்லிவிடும். அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். அமிலம் மஞ்சளாக மாறினால் இரும்பு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கறுப்பு மணல்மேல் விட்டதும் சீறிக் குமிழ் கிளம்பினால் மாங்கனீசு ஆக்சைடு. கறுப்பு மணலில் மட்டும் அமிலச் சோதனையைக் காற்றோட்டமான இடத்தில், மிகச் சிறிய அளவில் செய்யுங்கள். மாங்கனீசு டையாக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும்.

எந்தப் பூச்சுக்கு எந்த மருந்து

அலுமினியக் கூழுக்கும் கொழுப்புத்தன்மையுள்ள கரிமப் படலத்துக்கும் காஸ்டிக் சோடா. அதிகக் காரத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடு அலுமினேட்டாகக் கரைந்துவிடும். இரும்பை இது தொடாது. உயிர்ப்படலத்துக்கு சோடியம் ஹைப்போகுளோரைட். படலம் தடிப்பாக இருந்தால் காஸ்டிக்குடன் சேர்த்தே கொடுக்கலாம், அவை இரண்டும் ஒத்துப்போகும். கால்சியம் கார்பனேட்டுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். கந்தக அமிலம் இங்கே உதவாது. சுண்ணாம்பு கரைவதற்குள் ஜிப்சமாக மாறி மணலின்மேல் இன்னொரு மேலோடு போட்டுவிடும். இரும்புக்கு சிட்ரிக் அமிலம் போன்ற பிணைக்கும் அமிலங்கள். ஆனால் அது பாக்டீரியாவுக்கு நல்ல தீனி, எச்சமில்லாமல் அலசவேண்டும். மாங்கனீசுக்கு வெறும் அமிலமும் போதாது, குளோரினும் உதவாது. குளோரின் அதை மேலும் கெட்டியாக்கும். அதற்கு ஒடுக்கி (ஆக்சிஜனைப் பறிக்கும் மருந்து) வேண்டும். சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் மாங்கனீசு டையாக்சைடைக் கரையும் வடிவத்துக்கு ஒடுக்கிவிடும். கணக்குப்படி ஒரு கிலோ மாங்கனீசு டையாக்சைடுக்கு சுமார் 1.1 கிலோ போதும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் இதைத் தின்பதால் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாங்கனீசுப் பூச்சைக் கழுவுமுன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: இந்தப் பூச்சுதான் உங்களுக்கு வேலை செய்கிறதா? மூலநீரில் கரைந்த மாங்கனீசு இருந்து, குளோரின் இருக்கும் நீர் இந்தக் கறுப்பு மணல் வழியாக இறங்கினால், மாங்கனீசை அங்கேயே பிடித்துவைப்பது அந்தப் பூச்சுதான். அதைக் கரைத்துவிட்டால் மணல் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும். குழாயில் கறுப்புத் தண்ணீர் வரும். அழுத்த இழப்பும் படுகை விரிவும் சரியாக இருந்தால், கறுப்பு மணலைக் கறுப்பாகவே விட்டுவிடுவது நல்லது.

மருந்தையும் அளவையும் முடிவுசெய்வது முகவையில்தான். தலா 100 கிராம் மணலை ஐந்தாறு முகவைகளில் போடுங்கள். ஒன்றில் வெறும் நீர். மற்றவற்றில் 1, 2 சதவீத காஸ்டிக், லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட், 1 சதவீத மெட்டாபைசல்பைட் என்று சந்தேகத்துக்கேற்ப. எல்லாவற்றையும் ஒரே விதமாக, மணிக்கொருமுறை கிளறி, 2, 6, 24 மணி நேரத்தில் கரைசல் மாதிரி எடுத்து, அலுமினியம், இரும்பு, மாங்கனீசு, கால்சியம் எவ்வளவு கரைந்தது என்று பாருங்கள். 6 மணிக்கும் 24 மணிக்கும் வேறுபாடு இல்லையென்றால் படுகையை ஒருநாள் முழுக்க நிறுத்திவைக்கத் தேவையில்லை. அந்த வெறும் நீர் முகவையைத் தவிர்த்துவிடாதீர்கள். கிளறலிலேயே அதில் முக்கால்வாசி அழுக்கு போய்விட்டால், உங்களுக்கு வேண்டியது மருந்தல்ல. ப்ளோயரையும் (காற்று ஊதும் இயந்திரம்) நாசில்களையும் (அடியில் காற்றும் நீரும் வரும் துளைமுனைகள்) பார்க்கும் ஃபிட்டர்.

கணக்கு

10 சதுர மீட்டர் படுகை என்று வைத்துக்கொள்வோம். மணல் 0.7 மீட்டர், துளைவெளி (மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம்) 42 சதவீதம்: 2.9 கன மீட்டர் நீர் கொள்ளும். சரளை 0.45 மீட்டர், துளைவெளி 35 சதவீதம்: 1.6. மணலுக்கு மேல் 10 செ.மீ. நிற்கும் நீர்: 1.0. மொத்தம் 5.5 கன மீட்டர். அடியிலுள்ள வடிகால் அறையின் கொள்ளளவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் அது சிறிதல்ல.

2 சதவீத காஸ்டிக் என்றால் லிட்டருக்கு 20 கிராம், ஆக 110 கிலோ. லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் என்றால் 1.1 கிலோ, அதாவது 10 சதவீத ஹைப்போகுளோரைட் சுமார் 11 லிட்டர். ஹைப்போவுக்குப் பதில் பிளீச்சிங் பவுடர்தான் கையிருப்பு என்றால், கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி படுகைக்குள் போனால், எடுக்க வந்ததைவிடப் போட்டது அதிகமாகிவிடும்.

கழிவையும் இப்போதே கணக்கிடுங்கள். வலிமை குறையாத 110 கிலோ காஸ்டிக்கை நடுநிலையாக்க, 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 315 கிலோ வேண்டும். நடுநிலையாகும்போது கரைந்திருந்த அலுமினியம் மறுபடி கூழாக விழும். அந்தச் சேற்றுக்கும் இடம் வேண்டும்.

சுண்ணாம்புப் பூச்சின் கணக்குதான் பலரை யோசிக்கவைக்கும். 10 சதுர மீட்டர் படுகையில் ஏறக்குறைய 11 டன் மணல். அதில் 5 சதவீதம் கார்பனேட் என்றால் 550 கிலோ. ஒரு கிலோவுக்கு 0.73 கிலோ தூய அமிலம். 32 சதவீதக் கரைசலில் மொத்தம் 1,250 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு கிலோ கார்பனேட்டும் 240 லிட்டருக்குமேல் கார்பன் டையாக்சைடைக் கிளப்பும். இதையெல்லாம் கான்கிரீட் தொட்டிக்குள் செய்தால் அமிலம் சுவரின் சிமென்டையும் சேர்த்துத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு நாசில்களில்கூடக் குளோரைடு குழி பறிக்கும். ஆகவே அமிலச் சலவை வேண்டுமென்றால் மணலை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறையிட்ட தொட்டியில் செய்வதே முறை. நேர்மையாகச் சொன்னால், 5 சதவீதத்துக்குமேல் பூச்சேறிய மணலுக்குப் புது மணல் போடுவது பெரும்பாலும் சுலபம்.

படுகையிலேயே காஸ்டிக் சலவை

வடிகட்டியைச் சேவையிலிருந்து எடுங்கள். வடிநீர் வால்வை மூடுவதோடு நில்லாமல், பூட்டுங்கள். கசியும் வால்வாக இருந்தால் தட்டு வைத்து அடையுங்கள். 2 சதவீத காஸ்டிக், வடிகட்டிய நீர் சேரும் தெளிநீர்த் தொட்டிக்குள் கசிவதற்கு மன்னிப்பே கிடையாது. பிறகு காற்றுடன் நீளமான பேக்வாஷ். கண்ணில் படும் சேற்று உருண்டைகளைச் சல்லடையால் அள்ளிவிடுங்கள். உருண்டையின் உள்ளே எந்த மருந்தும் ஊறாது.

நீரை மணலுக்கு மேல் கொஞ்சம் நிற்கும்வரை வடியுங்கள். காஸ்டிக்கை வெளியில் பாலிஎத்திலீன் தொட்டியில் கரையுங்கள். நீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். மாற்றிச் செய்தால் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். அலுமினிய, கால்வனைஸ் வாளிகள் கூடாது. காஸ்டிக் அவற்றைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். கடின நீரில் காஸ்டிக் கரைக்காதீர்கள். கால்சியமும் மக்னீசியமும் உடனே வீழ்படிவாகி மணலில் ஒட்டும். சுத்தம் செய்யப்போய் சுண்ணாம்பு பூசிய கதையாகிவிடும்.

படுகைக்குள் ஏற்கெனவே துளைவெளி நீர் இருக்கிறது என்பதால், தொட்டியில் உள்ள கரைசல் 2 சதவீதத்தைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். கலந்தபின்தான் 2 சதவீதம். மேலே பரவலாக ஊற்றி, அடி வடிகாலிலிருந்து ஒரு சிறு பம்ப் மூலம் எடுத்து மீண்டும் மேலே விட்டுச் சுழற்றுங்கள். மேலும் கீழும் பி.ஹெச். ஒன்றாகும்வரை சுழற்சி தொடரட்டும். சும்மா மேலே ஊற்றிவிட்டு மறுநாள் வந்தால், மேல் ஒரு சாண் மட்டும் சுத்தமாகியிருக்கும்.

ஊறும்போது மணிக்கொருமுறை ஒரு நிமிடம் மிகக் குறைந்த அளவில் காற்று கொடுங்கள். சலவையில் பாதி வேலை அதுதான். மணி மணியோடு உரசினால்தான் இளகிய படலம் உரியும். முழு வேகக் காற்று வேண்டாம். காரத்துளி தெறித்தால் கண் போய்விடும். முகக்கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, கண் கழுவும் குழாய் ஆகியவை இல்லாமல் தொடங்கவே கூடாது. படுகைக்குள் மருந்து இருக்கும்வரை எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக் கூடாது. கார்பன் டையாக்சைடும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை. பெட்டியின் அடியிலேயே தேங்கும்.

கரைசலில் அலுமினிய அளவு ஏறுவது நின்றால் வடித்துவிடுங்கள். வடிக்கும் வரிசை முக்கியம். கரைசல் காரமாக இருக்கும்போதே முழுவதும் வெளியேற வேண்டும். அதை வடிக்காமல் நேரடியாகப் பேக்வாஷ் நீரைத் திறந்தால், படுகைக்குள்ளேயே பி.ஹெச். இறங்கி, கரைந்த அலுமினியம் மறுபடி மணலின்மேல் படியும். ஒருநாள் உழைப்பு ஐந்து நிமிடத்தில் வீணாகும். வடித்தபின் காற்றுடன் இரண்டு மூன்று பேக்வாஷ். இந்தக் கழுவுநீர் கழிவுத் தொட்டிக்குத்தான் போகவேண்டும், மூலநீர் நுழையும் நிலையத்தின் தலைப்புக்குத் திரும்பக் கூடாது. பி.ஹெச். 6-க்கும் 9-க்கும் இடையில் வந்தபின்பே வெளியேற்றம். குளோரின் இருந்தால் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 1.5 கிராம் சோடியம் பைசல்பைட் கொடுத்துத் தணியுங்கள்.

இரண்டு மருந்து தேவைப்பட்டால், கரிமப் படலம் மேலே, உலோகம் கீழே என்று இருப்பதே வழக்கம் என்பதால், காரமும் ஹைப்போவும் முதலில், அமிலமோ மெட்டாபைசல்பைட்டோ பிறகு. இடையில் கழுவுநீரில் குளோரின் எச்சம் பூச்சியமாகும்வரை அலசவேண்டும். ஹைப்போ நின்ற படுகையில் அமிலம் விட்டால் நேராகக் குளோரின் வாயு.

திரும்பச் சேவைக்கு

முதலில் வடிநீரைக் கழிவுக்கு விடுங்கள். பி.ஹெச்., எச்ச அலுமினியம், கலங்கல் ஆகியவை மற்ற வடிகட்டிகளோடு ஒத்துவந்து, கிருமி நீக்கம் செய்தபின் எடுத்த நுண்ணுயிர் மாதிரியும் தேறிய பிறகே தெளிநீர்த் தொட்டிக்குத் திறக்கலாம். புதிதாக வெளுத்த மணல் பழகச் சற்று நேரம் பிடிக்கும். முதல் சில ஓட்டங்களில் கலங்கல் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பதறாதீர்கள், ஆனால் அந்த நீரைக் கழிவுக்கு விடும் நேரத்தை நீட்டுங்கள்.

பயன் இருந்ததா என்று பார்க்கச் சலவைக்கு முன்பு எடுத்த அதே இடங்களில், அதே ஆழங்களில் மாதிரி எடுத்து அதே சோதனைகளைச் செய்யுங்கள். அதோடு, கழுவியவுடன் குறிப்பிட்ட ஒரே பாய்வில் காட்டும் தொடக்க அழுத்த இழப்பை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். நீரின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். குளிர்ந்த நீரின் பாகுத்தன்மை அதிகம், அதனால் மட்டுமே எண் ஏறலாம். அந்தக் கோடு சில மாதங்களில் பழைய இடத்துக்கே ஏறினால் மருந்து தோற்றதாக எண்ணவேண்டாம். கழுவும் வேகம், காற்றின் பரவல், அடைபட்ட நாசில், மிகுந்த படிகாரம், சரியாகத் தெளியாத முன்தொட்டி ஆகியவற்றில் ஏதோ ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது.

மெதுவாக வடிக்கும் மணல் வடிகட்டிகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே மேல் படலத்திலுள்ள உயிரினங்கள்தான் நீரைச் சுத்தம் செய்கின்றன. மேல் ஒன்றிரண்டு செ.மீ. மணலைச் சுரண்டி எடுத்து, வெறும் நீரில் அலசி வைப்பதோடு சரி. குளோரினோ காஸ்டிக்கோ காட்டினால், பழையபடி உயிர்ப்படலம் வளரும்வரை அந்த வடிகட்டி வெறும் மணற்குவியல்தான்.